மலையில் இருப்பவர்களுக்குக் கடற்பாசி மாத்திரை தேவையா?

கோத்தகிரி வாசகர் ஒருவரின் கேள்வி, 8.12.2024

மலை மண்ணில் அயோடின் கிடையாது, மழை எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விடுகிறது, அதனால்தான் நம் பக்கம் பெண்களுக்கு இவ்வளவு தைராய்டு என்கிறார்கள். கடற்பாசியில் அயோடின் கொட்டிக் கிடக்கிறதாம். கெல்ப் என்ற பழுப்புக் கடற்பாசியின் மாத்திரை தினம் ஒன்று போட்டால் தைராய்டு மாத்திரையையே நிறுத்திவிடலாம் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். அக்காவுக்கு வாங்கலாமா? யாராவது சாப்பிட்டுப் பார்த்திருக்கிறீர்களா?

8.12.2024, இரவு

வாங்க வேண்டாம். விளக்கம் நாளைக்கு எழுதுகிறேன், அதற்குள் ஆர்டர் போட்டுவிடாதீர்கள். வீடியோ பார்த்துவிட்டு அக்காவின் தைராக்சினை நிறுத்துவது அதைவிட மோசம்.

9.12.2024

நான் பிறந்தது கீழக்கரை, வாழ்க்கைப்பட்டது குன்னூர். பாசி எடுக்கிற கரையிலிருந்து மலைக்கு வந்தவள். தைராக்சினும் போடுகிறேன். ஆகவே இது எனக்கும் சொந்தக் கேள்விதான்.

கணக்கைப் பாருங்கள். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டிய அயோடின் 150 மைக்ரோகிராம், கர்ப்பிணிகளுக்கு 250. இதற்கு மேல் போகாதே என்று ஐரோப்பாவில் வைத்திருக்கும் வரம்பு 600, அமெரிக்காவில் 1100. இப்போது பாசிக்கு வருவோம். 2004-ல் வெளியான ஓர் அளவீட்டில், ஜப்பானியர் தாள் போல உலர்த்திச் சாப்பிடும் நோரிப் பாசியில் கிராமுக்கு 16 மைக்ரோகிராம்தான் இருந்தது. கெல்ப் துகள் ஒன்றில் கிராமுக்கு 8000க்கும் மேல். இரண்டையும் கடற்பாசி என்றுதான் விற்கிறார்கள். ஒன்றைத் தட்டு நிறையச் சாப்பிட்டாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது, மற்றொன்றில் ஒரு சிட்டிகை போதும், வாரக் கணக்கில் வேண்டிய அயோடின் ஒரே நாளில் உள்ளே போய்விடும்.

போனால் என்ன? அளவுக்கு மீறி அயோடின் வந்தால் தைராய்டு சுரப்பி வேலையை நிறுத்திக்கொள்ளும். 1948-ல் வுல்ஃப், சைகாஃப் என்ற இருவர் எலிகளில் இதைக் காட்டினார்கள். நல்ல சுரப்பி சில நாளில் சுதாரித்துக்கொள்ளும். ஏற்கெனவே நோய்ப்பட்ட சுரப்பி அப்படியே படுத்துவிடலாம். அயோடின் உப்பு புழங்கும் இடங்களில் தைராய்டு குறைவுக்குப் பெரும்பாலும் காரணம் அயோடின் பற்றாக்குறை அல்ல, நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்கும் ஹாஷிமோட்டோ நோய். அதற்குமேல் அயோடினைக் கொட்டுவது உதவாது, கெடுக்கலாம்.

இன்னொன்று. தைராக்சினில் எடைக்கணக்கில் 65 சதவீதம் அயோடின்தான். அக்கா 100 மைக்ரோகிராம் மாத்திரை போட்டால் அதில் 65 மைக்ரோகிராம் வந்துவிடுகிறது. வீடியோக்காரர் அதைச் சொல்லியிருக்க மாட்டார்.

9.12.2024, சற்று நேரம் கழித்து

“ஜப்பான்காரன் சாப்பிடுகிறானே, அவனுக்கு ஒன்றும் ஆகவில்லையே” என்று கேட்டவருக்கு: ஆகியிருக்கிறது. ஹொக்கைடோ தீவின் கடற்கரை ஊர்களில் கொம்பு என்ற கெல்ப்பை அளவில்லாமல் சாப்பிட்டவர்களுக்கு முன்கழுத்துக் கழலை வந்ததை 1960களிலேயே ஆராய்ந்து எழுதிவிட்டார்கள். அயோடின் குறைந்தாலும் கழலை, மிகுந்தாலும் கழலை. 2009-ல் ஆஸ்திரேலியாவில் கொம்பு சேர்த்த சோயா பால் குடித்துப் பலருக்குத் தைராய்டு கெட்டு, அந்தப் பாலையே கடைகளிலிருந்து திரும்ப எடுத்தார்கள்.

ஜப்பானில் கொம்பைப் பெரும்பாலும் கொதிக்க வைத்துச் சாறுக்குப் பயன்படுத்துவார்கள். அயோடினில் பெரும்பகுதி அந்தத் தண்ணீரில் இறங்கிவிடும். சாறு எவ்வளவு குடிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது எல்லாம்.

12.12.2024

கோத்தகிரிக்காரர் சொன்னதில் பாதி சரி என்பதையும் சொல்ல வேண்டும். மலை மண்ணில் அயோடின் குறைவு என்பது கட்டுக்கதை இல்லை. மழையும் மண்ணரிப்பும் அடித்துக்கொண்டு போவது உண்மை. ஆல்ப்ஸிலும் இமயமலை அடிவாரத்திலும் கழலை தலைமுறை தலைமுறையாக இருந்தது அதனால்தான். 1811-ல் பிரான்சில் கூர்த்துவா என்பவர் நெப்போலியன் படைக்கு வெடியுப்பு தயாரிக்கும்போது கடற்பாசிச் சாம்பலிலிருந்து ஊதா நிற ஆவி கிளம்பியதைப் பார்த்தார். அப்படிக் கிடைத்ததுதான் அயோடின். 1820-ல் ஜெனிவாவில் குவான்டே என்ற மருத்துவர் அதையே கழலைக்குக் கொடுத்தார். அதாவது மலைக்காரன் நோய்க்குக் கடல் மருந்து என்ற யோசனைக்கு இருநூறு வயது ஆகிவிட்டது, வீடியோக்காரர் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை.

நம் நாட்டில் இமாச்சலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் 1956-ல் டாக்டர் ராமலிங்கசாமி குழுவினர் தொடங்கிய ஆய்வு அயோடின் உப்பால் கழலை குறைவதைக் காட்டியது. 1962-ல் தேசியத் திட்டமே வந்தது. பாசி செய்ய வேண்டிய வேலையை உப்பு செய்துவிட்டது. வீட்டுக்கு வரும்போது உப்பில் கிராமுக்கு 15 மைக்ரோகிராமாவது இருக்க வேண்டும் என்பது விதி. பத்து கிராம் உப்பில் 150 வந்துவிடுகிறது. அவ்வளவு உப்பு சாப்பிடக் கூடாது என்பது வேறு சண்டை.

12.12.2024, இரவு

உப்பு என்று எழுதிய பிறகு வேறு கவலை வந்துவிட்டது. எங்கள் தெருவில் பாதி வீட்டில் இப்போது இந்துப்பு. பெட்போர்டு பக்கம் இயற்கை அங்காடியில் ரோஸ் நிறப் பாக்கெட்டை அடுக்கி வைத்திருக்கிறார்கள். மாமி இன்னும் கல்லுப்புதான், ஊறுகாய்க்கு அதுதான் சரி என்பார். இரண்டிலும் அயோடின் சேர்க்கப்படவில்லை என்றால் ஏறக்குறைய ஒன்றுமில்லை. அயோடின் சேர்த்த கல்லுப்பும் கிடைக்கிறது, பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்து வாங்க வேண்டும். 2018-19-ல் நடந்த தேசிய ஆய்வில் போதிய அயோடின் உள்ள உப்பு புழங்கும் வீடுகள் மிகக் குறைவாக இருந்தது தமிழ்நாட்டில்தான், சுமார் 62 சதவீதம். தூத்துக்குடியை வைத்துக்கொண்டு நமக்கு இந்த நிலை.

ஆகவே இந்துப்பு வாங்கிவிட்டு அயோடினுக்கு கெல்ப் மாத்திரை தேடுகிறவர்கள் கொஞ்சம் நின்று யோசிக்கவும். ஒரு செலவை நிறுத்தினால் இன்னொரு செலவும் நிற்கும்.

17.12.2024

கூடலூர் அண்ணன் “நீலகிரியில் இதையெல்லாம் யார் ஆராய்ந்தார்கள்” என்று கேட்டிருந்தார். அண்ணே, இந்தியாவின் ஊட்டச்சத்து ஆராய்ச்சியே இங்கேதான் தொடங்கியது! ராபர்ட் மெக்கரிசன் என்ற ராணுவ மருத்துவர் 1918-ல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஒற்றை அறையில் பெரிபெரி என்ற வைட்டமின் குறைவு நோய் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். அது வளர்ந்து 1928-ல் ஊட்டச்சத்து ஆய்வகமாகி, 1958-ல் ஐதராபாத்துக்குப் போனது. இன்றைக்கு நாம் என்.ஐ.என். என்று சொல்லும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதுதான்.

விஷயம் என்னவென்றால், குன்னூருக்கு வருமுன் இந்த மனிதர் வடக்கே மலைப் பகுதியான கில்கித்தில் கழலையைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒரே வாய்க்கால் வழியாகத் தண்ணீர் எடுக்கும் ஊர்களில் கீழே போகப் போகக் கழலை கூடுவதைப் பார்த்துவிட்டு, அசுத்தத் தண்ணீரால்தான் வருகிறது என்று முடிவுகட்டினார். அந்தத் தண்ணீரை வடிகட்டித் தங்கிய கசடைத் தானும் குடித்து, மற்றவர்களுக்கும் கொடுத்துப் பார்த்தார். சிலருக்குக் கழுத்து வீங்கவும் செய்தது. இவ்வளவு துணிச்சலான ஆளும் அயோடின் குறைவு என்ற முக்கியக் காரணத்தைத் தவறவிட்டார். தன் மேலேயே சோதனை செய்து பார்த்தேன், எனக்கு நடந்தது என்று சொல்லும் வீடியோக்களைப் பார்க்கும்போது எனக்கு அவர் ஞாபகம்தான் வருகிறது. அவராவது முறையாகக் குறிப்பு எழுதி வைத்தார்.

18.12.2024

முட்டைக்கோஸ் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். கேத்திப் பள்ளத்தாக்கு முழுக்க விளைகிறதே, அது தைராய்டைக் கெடுக்குமா என்று. 1928-ல் அமெரிக்காவில் முயல்களுக்கு ஏறக்குறைய முட்டைக்கோஸ் மட்டுமே போட்டு வளர்த்தபோது கழலை வந்தது. அதில் அயோடினைத் தடுக்கும் பொருட்கள் இருக்கின்றன, வேக வைத்தால் பெருமளவு போய்விடும். நீங்கள் முயல் இல்லை, பொரியல்தானே சாப்பிடுகிறீர்கள். சாப்பிடுங்கள்.

29.12.2024

அயோடினோடு நிறுத்திக்கொண்டால் பாசிக்கு அநியாயம். எங்கள் ஊர் பாசியைப் பற்றி எழுதுகிறேன்.

நோன்பு திறக்கும்போது எங்கள் பக்கம் கடல்பாசி இல்லாமல் இருக்காது. கடையில் வெள்ளை நாராக, கண்ணாடிக் காகிதம் போல விற்பார்களே, சைனா கிராஸ் என்பார்கள், அதுதான். பாலும் சீனியும் சேர்த்துக் காய்ச்சித் தட்டில் ஊற்றினால் உறைந்துவிடும். ஆய்வகங்களில் அதற்கு அகர் என்று பெயர். ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி என்று சொல்லும் வகைகளிலிருந்து எடுக்கிறார்கள். கட்டக்கோரை என்பது வேறு, அதிலிருந்து வருவது அல்ஜினேட். இவற்றையெல்லாம் முழங்கால் தண்ணீரில் தொடங்கி ஆழத்துக்குப் போய் முக்குளித்துப் பறிப்பது பெரும்பாலும் பெண்கள். விரல்களில் துணி சுற்றியிருக்கும், பாறை கிழித்துவிடும் என்று.

அகரில் சத்து என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை! அயோடின், வைட்டமினில் பெரும்பகுதி கழுவிச் சலித்து வெளியே போய்விட்டது. மிச்சம் நார்ச்சத்துதான். நம் குடலால் அதைச் செரிக்க முடியாது. பெரும்பாலான கிருமிகளாலும் முடியாது. 1880களின் தொடக்கத்தில் ஃபானி ஹெஸ்ஸே என்ற பெண்மணி, சமையலில் தான் பயன்படுத்திய அகரைக் கிருமி வளர்க்கும் தட்டுக்குச் சொல்லி, அது கிருமி ஆய்வாளர் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்துக்குப் போனது. ஜெலட்டினைக் கிருமிகள் தின்று உருக்கிவிடும், அகரை அப்படிச் செய்ய முடியாது. சிம்ஸ் பூங்கா பக்கம் பாஸ்டர் நிலையத்தைக் கடக்கும்போதெல்லாம், நோன்புக் கடல்பாசியும் உள்ளே இருக்கும் கிருமித் தட்டும் ஒரே பொருள்தான் என்று பிள்ளைகளிடம் சொல்வேன். “அதனால்தான் எனக்கு வேண்டாம்” என்கிறாள் சின்னவள்.

ஆனால் செரிக்காத பொருளுக்கும் பயன் உண்டு. மலச்சிக்கலுக்கு நல்லது, வயிறு நிறைந்த மாதிரி இருக்கும், கொழுப்பு இல்லை. மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ வரும் ஜெலட்டின் வேண்டாம் என்பவர்களுக்கு வேறு வழியே தேவையில்லை. பொடியாக வாங்கி அப்படியே விழுங்கக் கூடாது. தொண்டையிலேயே ஊறி உப்பி அடைத்துக்கொள்ளும்.

30.12.2024

கேட்டிருந்தீர்கள்: குடலில் இருக்கும் எந்தக் கிருமியாலும் பாசியைச் செரிக்க முடியாதா? ஜப்பானியர் சிலரின் குடலில் இருக்கும் கிருமிகளால் நோரியின் நார்ப்பொருளைச் செரிக்க முடியும். கடல் கிருமி ஒன்றிடமிருந்து அந்த மரபணு குடல் கிருமிக்குத் தாவியிருக்கிறது, 2010-ல் கண்டுபிடித்தார்கள். பச்சையாகப் பாசி சாப்பிட்டு வந்த பழக்கத்தால் இருக்கலாம். கீழக்கரைக்காரர்கள் குடலையும் யாராவது பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் நாங்கள் காய்ச்சித்தான் சாப்பிடுகிறோம்.

7.1.2025

உறைபனி காலம் அல்லவா, ஒரு விளையாட்டு. அகரைச் சுத்தமாக்கும் முறையை ஜப்பானில் 17ஆம் நூற்றாண்டில் கண்டுபிடித்ததாகக் கதை சொல்வார்கள். விடுதிக்காரர் ஒருவர் மிச்சமான பாசிக் கூழைக் குளிரில் வெளியே கொட்ட, இரவில் உறைந்து, பகலில் உருகி, நீர் வடிந்து, காய்ந்த வெள்ளைச் சக்கை மிஞ்சியதாம். கதை எப்படியோ, முறை உண்மைதான், இன்றும் செய்கிறார்கள்.

தலைக்குந்தாவில் இருக்கும் நாத்தனாரிடம் சொல்லித் தட்டில் மெல்லிசாக ஊற்றி மொட்டை மாடியில் வைக்கச் சொன்னேன். காலையில் மேலே வெள்ளையாக உறைந்திருந்தது. வெயில் ஏறியதும் தண்ணீர் தனியாக ஓடி, கையில் எடுத்தால் பஞ்சு மாதிரி. நாத்தனார் அதைக் காக்காய்க்குப் போட்டார், காக்காயும் தொடவில்லை.

8.1.2025

தேயிலைக்குப் பாசி உரம் அடிக்கிறோமே, அதைக் குடிக்கலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். விளையாட்டாகத்தான் கேட்டார் என்று நம்புகிறேன். கூடாது.

ஆனால் மலைக்குக் கடற்பாசி முதலில் வந்தது இந்த வழியாகத்தான் என்று நினைக்கிறேன். எங்கள் பக்கம் கேரட்டுக்கும் தேயிலைக்கும் தெளிப்பார்கள். கப்பாஃபைகஸ் என்ற பாசியைப் பிழிந்த சாறு. மண்டபம் பக்கம் அதற்குப் பெப்சி பாசி என்றே பெயர், அந்தக் கம்பெனி 2000த்தின் தொடக்கத்தில் ஒப்பந்தத்துக்கு வளர்க்கச் செய்ததால். சாறு போனபின் மிஞ்சும் சக்கையிலிருந்து காராஜினன் எடுக்கிறார்கள். ஐஸ்கிரீம், சாக்லேட் பால் பாக்கெட்டில் 407 என்ற எண் இருந்தால் அது. அது புற்றுநோய் தரும் என்று சுற்றும் செய்தியில் இரண்டு பொருளைக் குழப்புகிறார்கள். அமிலத்தில் வெட்டிச் சிறிதாக்கிய பாலிஜினன் வேறு, அதை உணவில் சேர்க்க அனுமதி இல்லை. உணவுக்கான காராஜினன் அனுமதிக்கப்பட்டது. குடல் புண் நோய் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது, அதில் இன்னும் விவாதம் இருக்கிறது.

19.1.2025

அல்ஜினேட் பாக்கி. இதில்தான் எனக்கு முழு நம்பிக்கை.

வீட்டுக்காரர் தேயிலைத் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட். வெறும் வயிற்றில் கட்டன் சாயா, நேரம் கெட்ட நேரத்தில் சாப்பாடு, படுத்தால் நெஞ்செரிச்சல். மருத்துவர் எழுதிக் கொடுத்த சிரப்பில் சோடியம் அல்ஜினேட் என்று இருந்தது. வயிற்று அமிலம் பட்டதும் அது கெட்டியாகிறது. கூடவே இருக்கும் சோடா உப்பிலிருந்து வரும் வாயு உள்ளே மாட்டிக்கொண்டு அந்தக் கூழை மிதக்க வைக்கிறது. வயிற்றுக்கு ஒரு மூடி போட்டது போல. அமிலம் மேலே ஏறாது. ரத்தத்துக்குள் போய் எதையும் செய்வதில்லை, மிதப்பதுதான் அதன் வேலை. சாப்பாட்டுக்குப் பின்னும் படுக்கும் முன்னும் குடிக்க வேண்டும், அப்போதுதான் மிதக்க உணவு இருக்கும். சோடியம் உண்டு, ரத்த அழுத்தக்காரர்கள் கவனிக்கவும்.

பல் கட்ட அளவெடுக்கும்போது வாயில் வைக்கும் குழைந்த மாவும் அல்ஜினேட்தான். மாமிக்குப் பல்செட் செய்தபோது “இது என்னடி பாசி வாடை” என்றார். மூக்கு கீழக்கரை மூக்கு.

2.2.2025

ஃபுகாய்டன் கேப்சூல் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். பழுப்புப் பாசியின் கொழகொழப்புப் பொருள் அது. சோதனைக் குழாயில் புற்றுநோய்ச் செல்லைக் கொன்றது, எலியில் கட்டியைச் சுருக்கியது என்பதெல்லாம் உண்மை. சோதனைக் குழாயில் எத்தனையோ பொருள் கொல்லும். மனிதர்களிடம் சிகிச்சையாக நிரூபிக்கப்படவில்லை. அதே சமயம் ஹெபாரின் என்ற மருந்து போல ரத்தம் உறைவதைத் தடுக்கும் குணம் அதற்கு உண்டு. வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடுகிறவர்கள் கிட்டேயே போக வேண்டாம். கீமோ நடக்கும்போது மருத்துவருக்குத் தெரியாமல் கொடுப்பதைப் பற்றி என்ன சொல்ல. பணம் இருந்தால் முட்டை வாங்கிக் கொடுங்கள்.

கொச்சி மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் மூட்டு வலிக்கும் வேறு சிலவற்றுக்கும் பாசியிலிருந்து கேப்சூல்கள் கொண்டுவந்திருக்கிறது. அரசு நிறுவனம் என்பதால் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் தைராய்டு, சர்க்கரை மாத்திரையோடு சேர்த்துப் போடுமுன் கேட்க வேண்டும் என்பதில் மாற்றமில்லை.

3.2.2025

சைவக்காரர்களுக்கு பி12: நோரித் தாளில் உடம்புக்குப் பயன்படும் பி12 இருக்கிறது, நாலு கிராம் போல இருந்தால் ஒரு நாள் தேவைக்குக் கிட்ட வரும். சுருள்பாசி, அதாவது ஸ்பைருலினா, கடல்பாசியே இல்லை, அதில் இருப்பது பெரும்பாலும் போலி பி12. உடம்பு அதை ஏற்காது. ஹிஜிகி என்ற கறுப்புப் பாசியைத் தொடவே வேண்டாம், கனிம ஆர்சனிக் அதிகம். பிரிட்டனில் 2004-லேயே எச்சரித்துவிட்டார்கள். நோரி விலையைப் பார்த்தால் ஊட்டிப் பால் ஒரு தம்ளர் மேல் என்று தோன்றுகிறது.

4.3.2025

நோன்பு தொடங்கிவிட்டது. தைராக்சின் போடும் சகோதரிகள் கேட்ட கேள்விக்கு: வெறும் வயிறு வேண்டும் என்பதால் நான் சஹருக்கு, அதாவது விடியலுக்கு முன் சாப்பிட, எழுந்ததும் முதலில் மாத்திரை, அரை மணிக்கு மேல் கழித்துச் சாப்பாடு. சிலர் இரவு தூங்கப் போகும்போது போடுகிறார்கள், மருத்துவரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள். கடல்பாசி நார்ச்சத்து என்பதால் மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடாமல் இஃப்தாருக்கு, நோன்பு திறக்கும்போது, வைத்துக்கொள்வது உசிதம். கால்சியம் மாத்திரை போடுகிறவர்கள் நாலு மணி நேரம் தள்ளி.

6.3.2025

“ஊரில் செய்தால் உறைகிறது, ஊட்டியில் செய்தால் திப்பி திப்பியாக இருக்கிறது” என்ற புகாருக்குப் பதில். பாசியில் குற்றமில்லை. அகர் முழுசாகக் கரையக் கொதிநிலைக்குக் கிட்ட சூடு வேண்டும். கடற்கரையில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும், ஊட்டி 2240 மீட்டர் உயரம், அங்கே 92, 93-லேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று இறக்கிவிடுகிறீர்கள். நாரை முதலில் நன்றாக ஊறப் போடுங்கள், தண்ணீரில் மட்டும் போட்டுக் குக்கரில் இரண்டு விசில் விடுங்கள், கண்ணாடி போல ஆன பிறகு சுட வைத்த பாலைச் சேருங்கள். குளிர்ந்த பாலை ஊற்றினால் அங்கேயே கட்டிவிடும், ஏனென்றால் 40 டிகிரிக்குக் கீழே வந்தாலே அகர் உறைந்துவிடும், நம் அடுக்களைக் குளிருக்குக் கேட்கவே வேண்டாம். எலுமிச்சை சேர்ப்பதென்றால் இறக்கிய பிறகு. ஃபிரிட்ஜ் தேவையில்லை, ஜன்னல் ஓரம் போதும்.